கடைசி வரிசைச் சிரிப்பு

பேச்சாளர் மைக்கை விட்டு அரையடி பின்னால் போகிறார். தோளில் கிடக்கும் துண்டை ஒரு தடவை இழுத்துவிட்டுக்கொள்கிறார். கூட்டத்தின் ஓரத்தில் யாரையோ தேடுவதுபோல் பார்க்கிறார். வரப்போவது ஜோக் என்று மைக் செட்காரருக்குத் தெரிந்துவிடும். அந்த அரையடியில் குரல் மெலியும்; வால்யூம் குமிழை ஒரு நூல் ஏற்ற வேண்டும். கடைசிச் சொல் விழுந்த மறுகணமே இறக்கிவிட வேண்டும். இறக்காவிட்டால் ஆயிரம் பேர் சிரிக்கிற சத்தம் மைக்கில் ஏறி, குழாயில் வெளியே வந்து, மறுபடி மைக்கில் ஏறி, ‘வீல்’ என்று கத்தும். நல்ல ஜோக் ஒன்று அந்தக் கத்தலில் செத்துப்போகும்.

கோவில்பட்டியில் நாற்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்த ஒரு பெரியவரின் கைப்பழக்கம் இது. ஊருக்கு அவர் ‘மைக் செட் அண்ணாச்சி’. காங்கிரஸ், கம்யூனிஸ்ட், திராவிடர் கழகம், தி.மு.க., சுதந்திரா என்று எல்லாக் கட்சி மேடைக்கும் பக்கவாட்டில், ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பேச்சாளரையும் கூட்டத்தையும் ஒரே பார்வையில் அளக்க அதைவிட வாகான இடம் கிடையாது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தமிழ்நாட்டு அரசியல் எப்படிச் சிரித்தது என்று கேட்டால், நூல் நிலையத்துக்குப் போவதற்கு முன்னால் இவரைப் போன்றவர்களிடம் போக வேண்டும்.

1952 தேர்தலின்போது அவருக்குப் பதினான்கு வயது. அப்போது கோவில்பட்டி திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. சைக்கிள் கடையோடு சேர்த்து மைக் செட்டும் வைத்திருந்த ஒரு முதலாளியிடம் எடுபிடி வேலை. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944லேயே ஓடத் தொடங்கியிருந்தாலும், சுற்றுப்பட்டியில் பெரும்பாலான ஊர்களுக்குக் கரண்டு வந்திருக்கவில்லை. வால்வு ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய், கார் பேட்டரி, ரிக்கார்டுப் பெட்டி எல்லாம் மாட்டுவண்டியில் போகும். மழை பெய்துவிட்டால் கரிசல் மண் சக்கரத்தை விடாது. ஆளுக்கொரு சாமானாகத் தலையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். கோடையில் வேறு பாடு. வெடித்துக் கிடக்கும் கரிசலில் கம்பம் ஊன்றினால் நிற்காது. வேப்பமரம், பூவரசு, பனை என்று எது கிடைக்கிறதோ அதில் ஏறிக் குழாயைக் கட்ட வேண்டும். ஏறுவது சிறுவன் வேலை.

முதல் கூட்டத்தில் அவன் பேச்சாளரை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளி பிடரியில் ஒன்று வைத்தார்.

“ஏலே, பேசுறவகளப் பாக்காத. கடைசில நிக்கிறவனப் பாரு. அவன் சிரிச்சாத்தான் நம்ம செட்டு கேக்குதுன்னு அர்த்தம்.”

தொழிலில் அவர் கற்ற முதல் பாடம் இதுதான். குழாயின் சத்தம் எவ்வளவு தூரம் போகிறது என்று அளக்க அன்றைக்கு வேறு கருவி கிடையாது. கைதட்டலை நம்ப முடியாது. முன்வரிசை தட்டினால் பின்வரிசையும் தட்டும். சிரிப்பு அப்படி வராது. சொல் காதில் விழுந்து, மனசில் பிடிபட்டால்தான் வரும்.

கடைசி வரிசையில் யார் நிற்பார்கள்? தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிவிட்டு வந்த பெண்கள், மில்லில் ஷிப்ட் முடித்து நேரே வந்தவர்கள், வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு நுகத்தடியில் சாய்ந்து நிற்கும் சம்சாரிகள். பல ஊர்களில் அந்த வரிசைக்கும் பின்னால், ரோட்டைத் தாண்டி, இன்னொரு கூட்டம் தனியாக நிற்கும். சேரி மக்கள். முன்னால் வந்து உட்கார அன்றைக்கு இடம் கிடையாது. அவர்களுடைய சிரிப்பு மட்டும் ஒரு கணம் பிந்தி வரும் என்கிறார் அண்ணாச்சி. முன்னால் இருக்கிறவர்கள் சிரித்தாயிற்று என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் அங்கே சிரிப்பார்கள். ஒரு கிராமத்தில் குழாயைச் சேரிப் பக்கம் திருப்பக் கூடாது என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் தடுத்தார். கூட்டம் கம்யூனிஸ்டுகளுடையது. ஏற்பாடு செய்த தோழர் தானே மரத்தில் ஏறி, ஒரு குழாயை அந்தப் பக்கம் திருப்பிக் கட்டிவிட்டு இறங்கினார். அன்று ராத்திரி ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்ட சிரிப்பில் பிந்தல் இல்லை. எழுபது வருஷம் கழித்தும் அதைச் சொல்லும்போது பெரியவரின் குரல் உயர்கிறது.

அரசியல் மேடைக்குச் சிரிப்பு வெளியூரிலிருந்து வந்து சேரவில்லை. கரிசல் காட்டில் அது ஏற்கெனவே இருந்தது. மானம் பார்த்த பூமி. கம்பும் சோளமும் குதிரைவாலியும் பருத்தியும் மழை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. மடத்திலும் சாவடியிலும் உட்கார்ந்து ஒருவரையொருவர் நையாண்டி செய்துகொள்வது அங்கே ராச்சாப்பாட்டுக்குப் பிறகான வழக்கம். வீட்டுக்கு வீடு பட்டப்பேர் உண்டு. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் இந்தப் பேச்சைத்தான் எழுத்தில் ஏற்றினார்கள். கி.ரா. விவசாயிகள் சங்கத்தில் நின்றவர், சிறைக்கும் போனவர். கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாகவே தொகுத்தார். ஆட்சியாளனையும் மிராசுதாரனையும் சம்சாரி எப்படிக் கேலி பேசுவான் என்பதற்கு அவருடைய கதைகளைவிட நல்ல சாட்சி இந்த வட்டாரத்தில் இல்லை.

நாடகமும் அப்படியே. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜா வருவதற்கு முன்னால் பபூன் வந்துவிடுவான். ஊர்ப் பெயரைச் சொல்லி, ஊர் வழக்கைச் சொல்லி, அவன் சிரிக்கவைத்த பிறகுதான் கதை தொடங்கும். சிவகாசியில் பிறந்த எஸ்.எஸ். விஸ்வநாததாஸ் முருகன் வேஷத்தில் நின்று வெள்ளைக்காரனைக் கொக்காக்கிப் பாடிக் கைதானவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மேடையிலேயே உயிரை விட்டார். அண்ணாச்சியின் அப்பா தலைமுறைக்கு அரசியல் கேலியின் ருசியை முதலில் காட்டியவர் அவர். விஸ்வநாததாஸ் மேடை ஏறினால் பக்கத்தில் போலீஸ் வேனும் வந்து நிற்கும் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறார்.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பேச்சு வந்தால் அண்ணாச்சி நிமிர்ந்து உட்காருகிறார். தெற்கத்திக்காரர்களுக்கு அவர் சினிமா நடிகர் மட்டும் கிடையாது. கோயில் கொடையில் கேட்ட வில்லுப்பாட்டைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்த நாஞ்சில் நாட்டு மனிதர். வில்லுப்பாட்டுக்கு மைக் வைப்பது தனி வித்தை. குடத்தில் பத்தி விழும்போது ‘தொம்’ என்று ஒரு அதிர்வு கிளம்பும். மைக்கைக் குடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பாட்டு அடியில் போய்விடும். புலவருக்கு நேராக, உதட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, பக்கத்தில் ‘ஆமா’ போடுகிறவருக்கும் அதிலேயே இடம் பண்ணித்தர வேண்டும். அந்த ‘ஆமா’வில்தான் பாதிச் சிரிப்பு இருக்கிறது. புலவர் ஒன்றைச் சொல்வார், பின்பாட்டுக்காரர் அப்பாவியாக ஒரு கேள்வி கேட்பார், பதில் வந்து விழும். கூட்டம் கேட்க நினைத்ததை ஒருவர் மேடையிலேயே கேட்டுவிடுகிறார். காந்தியின் வாழ்க்கையைக் கலைவாணர் இந்த உருவத்தில் சொன்னார். எழுதிக்கொடுத்தவர் நெல்லைப் பக்கத்துச் சுப்பு ஆறுமுகம்.

கிந்தனார் கதையும் அவருடையதுதான். நந்தனார் சிதம்பரத்துக்குப் போனார். கலைவாணரின் கிந்தன் என்ற சேரிப் பையன் படிப்பதற்காகப் பட்டணத்துக்குப் போகிறான். உடுமலை நாராயண கவியின் எழுத்து. 1949இல் அண்ணா கதை வசனம் எழுதிய ‘நல்லதம்பி’ படத்தில் அது வந்தது. படத்தின் நோக்கம் மதுவிலக்குப் பிரசாரம். சர்க்கார் அதற்குச் சட்டமும் போட்டிருந்தது. சட்டத்தில் இல்லாத ஒன்றை, குடிக்கிறவன் தன்னையே பார்த்துச் சிரித்துக்கொள்ளும் இடத்தை, கலைவாணர் கண்டுபிடித்தார்.

1957 தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாவுக்காக அவர் பேசியதாக ஒரு கதை தமிழ்நாட்டு மேடையெல்லாம் சுற்றியிருக்கிறது. எதிர்த்து நின்ற காங்கிரஸ் வேட்பாளர் ஒரு டாக்டர். கலைவாணர் எழுந்து அந்த டாக்டரைப் புகழ ஆரம்பித்தார். கைராசிக்காரர், ஏழைகளுக்கு இரக்கப்படுகிறவர், இவரைப் போல ஒருவர் கிடைக்க ஊர் கொடுத்துவைத்திருக்க வேண்டும். கட்சிக்காரர்களுக்கு முகம் வெளிறியது. கடைசியில் கேட்டார்: இவ்வளவு நல்ல டாக்டரைச் சென்னைக்கு அனுப்பிவிட்டால் நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்? அவரை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், அண்ணாவை அனுப்புங்கள். அந்தத் தேர்தலில் அண்ணா ஜெயித்தார். அதே வருஷம் ஆகஸ்ட் 30 அன்று கலைவாணர் காலமானார்.

இந்தக் கதையை அண்ணாச்சி ஒரு தொழில்காரராகப் பிரித்துக் காட்டுகிறார். பேச்சில் பெரும்பகுதி புகழ்ச்சி. திருப்பம் ஒரே வாக்கியம். அந்த வாக்கியத்துக்குப் பிறகும் டாக்டர் நல்லவராகவே இருக்கிறார். மறுநாள் காலையில் அவர் ஆஸ்பத்திரிக்கு ஊர்க்காரர்கள் கூச்சமில்லாமல் போகலாம். தோற்றவனும் அதே தெருவில்தான் குடியிருக்கப் போகிறான் என்று தெரிந்த மனிதரின் ஜோக் அது. சின்ன ஊர்களின் தேர்தலுக்கு இதைவிடப் பெரிய நாகரிகம் எது?

அன்றைய ஓட்டுப்பெட்டியையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1951 கணக்கில் மாநிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். 1952, 1957 தேர்தல்களில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டியில் சின்னம். சீட்டைப் பிடித்த பெட்டியில் போட வேண்டியதுதான். ஆகவே சின்னத்தை மனசில் பதியவைப்பதே பிரசாரத்தின் பாதி வேலை, சின்னத்தை வைத்துக் கேலி பேசுவது மீதி வேலை. காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. கம்யூனிஸ்டுகளுக்குக் கதிர் அரிவாள். பிறகு தி.மு.க.வுக்கு உதயசூரியன்.

கரிசலில் இந்த மூன்று சின்னமும் சம்சாரி வீட்டுச் சாமான்கள் மாதிரி. அதனால் ஜோக்குகள் தாமாக விளைந்தன. “நம்மூருக்கு இருக்கிற வெயில் பத்தாதுன்னா இன்னொரு சூரியனக் கொண்டாராக?” என்று காங்கிரஸ் மேடையில் ஒருவர் கேட்டபோது கடைசி வரிசை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை அண்ணாச்சி பார்த்தார். ஒரு வாரத்தில் அதே மந்தையில் தி.மு.க. கூட்டம். “இந்தப் பஞ்சத்துல ரெண்டு காளைக்குத் தீனி போட யாரால முடியும்? அவுத்து விட்ருங்க, பாவம்” என்று பதில் வந்தது. அதற்கும் அதே ஆட்கள் அதே மாதிரி சிரித்தார்கள். கம்யூனிஸ்ட் பேச்சாளர் ஒருவர் வந்து இரண்டையும் கோத்துவிட்டார்: “காளை உழுதுச்சு, சூரியன் காஞ்சுச்சு, சரி. அறுத்துக் களத்துக்குக் கொண்டார அரிவா வேணும்ல? அத மறந்துட்டாகளே!” 1967இல் மாநிலம் முழுவதும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கிடைத்த சட்டமன்ற இடம் இரண்டு. அதில் ஒன்று கோவில்பட்டி, ஜெயித்தவர் எஸ். அழகர்சாமி. ஜோக்கால் ஜெயித்தார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த அரிவாள் ஜோக் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வாயில் தேர்தல் முடிந்தும் இரண்டு வருஷம் இருந்தது.

ஜோக் அப்படித்தான் பயணம் போகும். ராத்திரி மந்தையில் கேட்டது காலையில் கட்டை அடுக்கும் சட்டத்துக்கு முன்னால் மறுபடி சொல்லப்படும். சொல்கிறவர் தன் ஊர்ப் பெயரையும் தன் மாமியார் பெயரையும் அதில் சேர்த்துவிடுவார். மதியம் களைவெட்டுக்குப் போகும். சாயங்காலம் கிணற்றடிக்கு வரும். பேச்சாளர் பட்ஜெட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் ஊர் கொண்டுபோவது அந்த ஒரு வரியைத்தான். அந்த வரிக்குள் பட்ஜெட்டை வைத்துக்கொடுத்தவர்களே நல்ல பேச்சாளர்கள்.

சலூனும் படிப்பகமும் இன்னொரு வழி. தினத்தந்தியை ஒருவர் உரக்க வாசிக்க, சுற்றி இருப்பவர்கள் கேட்பார்கள். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் விநாயகம் ஆங்கிலத்தில் ‘உங்கள் நாட்கள் எண்ணப்படுகின்றன’ என்று சொல்ல, அண்ணா ‘மை ஸ்டெப்ஸ் ஆர் மெஷர்டு’ என்று பதில் சொன்ன செய்தி கோவில்பட்டிக்கும் வந்தது. ஆங்கிலம் தெரியாத சலூனில் அதை விளக்க ஒரு வாத்தியார் எழுந்து, குறுகிய அந்த அறைக்குள் நான்கு எட்டு அளந்து அளந்து வைத்து நடந்து காட்டினார். ‘அடி அளந்துதான் வைக்கிறேன்’ என்று அப்போது எல்லோருக்கும் புரிந்தது. சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர் சோப்பு முகத்தோடு சிரித்தார். அந்த நாலு எட்டுகளை அண்ணாச்சி இன்றைக்கும் நடந்து காட்டுகிறார்.

தலைவர்கள் ஒவ்வொருவருக்கும் ஆம்ப்ளிஃபயரில் ஒரு இடம் உண்டு. ராஜாஜிக்கு வால்யூம் நன்றாக ஏற்ற வேண்டும். மெல்லிய குரல், குட்டிக்கதை சொல்வார், கதை முடிந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது யாரைக் குத்தியது என்று கூட்டத்துக்கு உறைக்கும். கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவாவுக்குப் பாதிக்குமேல் இறக்கிவிட வேண்டும். அவர் குரலுக்குக் குழாய் தாங்காது. பெரியார் மணிக்கணக்காக, எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் வழக்குப் பேசுவதுபோல் பேசுவார். கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டில் கேள்வி வரும், பதில் சொல்வார். கடலூரில் 1944இல் ரிக்‌ஷாவில் போகும்போது அவர் மீது செருப்பு ஒன்றை வீசினார்கள். ஒற்றைச் செருப்பால் யாருக்கும் உபயோகமில்லை என்று வண்டியைத் திருப்பச் சொல்லி ஜோடியையும் தேடி எடுத்துக்கொண்டாராம். வன்முறைக்குப் பதிலாக ஒரு சிரிப்பு. அந்தத் துணிச்சல் எல்லோருக்கும் வாய்க்காது.

காமராஜர் ஜோக் சொல்ல மாட்டார். மைக்கிலிருந்து தள்ளி நின்று, டீக்கடையில் எதிர் பெஞ்சுக்காரரிடம் பேசுவதுபோல் நாலு வார்த்தை. ஆனாலும் கூட்டம் சிரிக்கும். தன் வீட்டுப் பேச்சை மேடையில் கேட்கிற சந்தோஷம் அது. ‘ஆகட்டும், பார்க்கலாம்’ என்ற அவருடைய வாசகத்தைக் கரிசல் காட்டில் பேசிக்காட்டாத ஆளே கிடையாது. கடன் கேட்டாலும் பெண் கேட்டாலும் அந்தக் குரலிலேயே பதில் வரும்.

அண்ணா வரும் நாள் மைக் செட்காரருக்குச் சிவராத்திரி. எட்டு மணிக் கூட்டத்துக்கு இரண்டு மணிக்கு வந்து சேர்வார். ஐந்தாறு ஊர் பேசி முடித்து வர வேண்டுமே. சித்திரை, பத்தரை, நித்திரை, முத்திரை என்று எதுகையாகவே நாலு வரியில் ஒரு தேர்தல் பேச்சை அவர் முடித்ததாக ஒரு கதை உண்டு. நேரமாகிவிட்ட கூட்டத்தில் பிறந்த பேச்சு அது. ஆனால் அவர் வருகிறவரை அந்த ஜனத்தை யார் உட்காரவைப்பது? பேட்டரி இறங்காமல் இருக்க வேண்டும், குழந்தை அழுதாலும் பெண்கள் எழுந்து போகக் கூடாது. இதற்காகவே எல்லாக் கட்சியிலும் சில பேச்சாளர்கள் உருவானார்கள். காங்கிரசுக்குச் சின்ன அண்ணாமலை. 1942இல் திருவாடானைச் சிறையை மக்கள் உடைத்து வெளியே கொண்டுவந்த மனிதர், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். பிற்காலத்தில் தி.மு.க. பக்கம் தீப்பொறி ஆறுமுகம், வெற்றிகொண்டான் போன்றவர்கள் நள்ளிரவைத் தாண்டியும் கூட்டத்தைக் கட்டிப்போட்டார்கள். இவர்களுக்குக் கீழே, எந்தப் பத்திரிகையிலும் பெயர் வராத உள்ளூர்ப் பேச்சாளர்கள் நூற்றுக்கணக்கில். பஸ் சார்ஜும் இரண்டு வேளைச் சாப்பாடும்தான் பலருக்குச் சம்பளம். அவர்களுடைய ஜோக்குகள் காற்றோடு போய்விட்டன என்பதில் அண்ணாச்சிக்கு உண்மையான வருத்தம் இருக்கிறது.

காற்றோடு என்பது இங்கே வெறும் பேச்சு இல்லை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கும் மேகாற்று, கயத்தாற்றில் பின்னாளில் காற்றாலை நிறுத்துகிற அளவுக்குப் பலமானது. மைக்கில் ‘புஸ்புஸ்’ என்று இரையும். துண்டைக் கிழித்து மைக்குக்குத் தலைப்பாகை கட்டுவார். கிழக்கே நிற்பவர்களுக்குப் பேச்சு துல்லியமாகக் கேட்கும், மேற்கே நிற்பவர்களுக்குப் பாதிதான். ஒரு ஆடி மாசக் கூட்டத்தில் கிழக்குப் பக்கம் சிரித்துக்கொண்டே இருக்க, மேற்குப் பக்கத்துக்காரர்கள் தங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். இரண்டு தெருவுக்கும் ஏற்கெனவே மனஸ்தாபம். கம்பு வெளியே வந்துவிட்டது. பேச்சாளர் உடனே மைக்கை விட்டு மேடையிலிருந்து இறங்கி, மேற்குப் பக்கம் நடந்து போய், அதே ஜோக்கைத் தொண்டை கிழிய மறுபடி சொன்னார். அவர்களும் சிரித்த பிறகுதான் மேடைக்குத் திரும்பினார்.

சிரிப்பு எல்லாம் நல்ல சிரிப்பு என்று அண்ணாச்சி சொல்லவில்லை. காமராஜரின் நிறத்தையும் கல்யாணமாகாத வாழ்க்கையையும் கிண்டல் செய்த மேடைகள் அறுபதுகளில் இருந்தன. அரசியலுக்கு வந்த பெண்களைப் பற்றிக் காது கூசும்படி பேசியவர்கள் எல்லாக் கட்சியிலும் இருந்தார்கள். முன்வரிசை இளவட்டங்கள் சீட்டியடிப்பார்கள். கடைசி வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நடந்துவிடுவார்கள். கறுப்பு நிறத்தைக் கேலி செய்து கரிசல் காட்டில் ஒருவர் பேசியபோது தான் கண்ட மௌனத்தைப் போல வேறு எங்கும் கண்டதில்லை என்கிறார். எதிரே உட்கார்ந்திருந்த எல்லோரும் அதே நிறம். எட்டயபுரத்தில் 1956இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போடத் தொடங்கிவைத்த மனிதரைப் பற்றிய பேச்சு அது. அந்தச் சோற்றைத் தின்ற பிள்ளைகளின் தாய்மார்கள்தான் எதிரே இருந்தவர்கள்.

ஆனால் 1967இல் அதே காமராஜரைப் பற்றி இன்னொரு கேலி வந்தது. ‘காமராஜ் அண்ணாச்சி, கடலைப்பருப்பு விலை என்னாச்சி?’ முதலமைச்சர் பக்தவத்சலத்தையும் அதே முறையில் கேட்டார்கள். அரிசிப் பஞ்சமும் விலைவாசியும் ஜனங்களை வாட்டிய நேரம். இந்தக் கோஷத்தின் பலம் ‘அண்ணாச்சி’ என்ற சொல்லில் இருந்தது. விருதுநகரிலும் கோவில்பட்டியிலும் மளிகைக் கடைக்காரரை எல்லோரும் அழைக்கும் மரியாதைச் சொல் அது. கடை வாசலில் பையோடு நின்று தினமும் கேட்கிற கேள்வியை அப்படியே தலைவரிடம் கேட்டார்கள். வசவு கிடையாது, நிறம் கிடையாது. வியாபாரத்துக்குப் பேர்போன விருதுநகரில், கடலையும் பருப்பும் விலை பேசி வளர்ந்த ஊரில், அந்தக் கேள்விக்கு நேரடிப் பதில் இல்லாமல் போயிற்று. காங்கிரஸ் மேடைகளுக்கும் அண்ணாச்சியின் குழாய்கள்தான் போயின. பேச்சாளர்கள் கோபப்பட்டார்கள், வரலாறு சொன்னார்கள், அணைக்கட்டுகளை எண்ணிக் காட்டினார்கள். எல்லாம் உண்மை. யாரும் சிரிக்கவில்லை. சாத்தூரில் 1957லும் 1962லும் ஜெயித்த காமராஜர், 1967இல் சொந்த ஊரான விருதுநகரில் மாணவர் தலைவர் சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். செய்தி வந்த ராத்திரி கோவில்பட்டியில் தி.மு.க.காரர்கள் சிலரே அழுததைத் தன் கண்ணால் கண்டதாக அண்ணாச்சி சொல்கிறார். நம்பத்தான் வேண்டும்.

இந்தச் சிரிப்புக்கு அதிகாரம் பயப்பட்டதும் உண்டு. எம்.ஆர். ராதா ராமாயணத்தைப் பகடி செய்து நாடகம் போட்ட காலத்தில்தான், 1954இல், சென்னை மாகாணத்தில் நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. டெல்லியில் ‘சங்கர்ஸ் வீக்லி’யை 1948இல் தொடங்கிவைத்து, என்னையும் விட்டுவைக்காதே என்று கார்ட்டூனிஸ்ட் சங்கரிடம் நேரு சொன்னார், அவசரநிலை வந்த 1975இல் அந்தப் பத்திரிகை நின்றது. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் பற்றி வந்த ஒரு ஜோக்குக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனைச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது. பத்திரிகை ஜோக்குக்கு ஆசிரியர் என்று ஒருவர் உண்டு, பிடித்துக்கொண்டு போகலாம். மந்தையில் சொன்ன ஜோக் மறுநாள் யாருடையது என்றே தெரியாது. ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் ஒரு ஜோக்குக்காக மரண தண்டனையே விதித்திருக்கிறார்கள். அங்கே கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுத்ததை இங்கே இரண்டு குழாய் கட்டி ஊருக்கே கேட்கச் சொன்னோம் என்பதில் அண்ணாச்சிக்குப் பெருமை.

அவர் அடிக்கடி திரும்பி வருவது ஒரு குறிப்பிட்ட கூட்டத்துக்கு. 1967 தேர்தலில் ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்று சொல்லி தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. கோவில்பட்டிப் பக்கம் வரவில்லை. அந்த வருஷக் கடைசியில், ஒரு கிராமத்து மந்தையில், ஆளுங்கட்சியின் விளக்கக் கூட்டம். வேப்பமரத்தில் இரண்டு குழாய். பேச்சாளர் நல்ல பேச்சாளர்தான். காங்கிரசின் இருபது வருஷத்தைப் பற்றிப் பழைய ஜோக்குகளையெல்லாம் வரிசையாகச் சொன்னார். கூட்டம் மரியாதைக்குச் சிரித்தது.

அவர் மைக்கை விட்டு அரையடி பின்னால் போனார். துண்டைச் சரிசெய்தார். அண்ணாச்சியின் கை குமிழுக்குப் போனது. அந்த இடைவெளியில், கடைசி வரிசையிலிருந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, வயசான ஒரு பெண்குரல் வந்தது.

“அண்ணாச்சி, அந்தப் படி அரிசி என்னாச்சி?”

ஒரு கணம் எதுவும் அசையவில்லை. பிறகு பின்னாலிருந்து தொடங்கிய சிரிப்பு முன்னால் உருண்டு வந்தது. மேடையில் உட்கார்ந்திருந்த ஒன்றியச் செயலாளர் சிரித்தார். பேச்சாளரும் அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். ஹவுலிங் வரும் என்று அண்ணாச்சியின் விரல் தானாகவே வால்யூமை இறக்கியது. இறக்கிய கை அப்படியே பூஜ்யம் வரை போய் நின்றது. குழாய் இரண்டும் அடங்கிக் கிடக்க, அந்த மந்தையில் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஜனங்களின் சிரிப்பை மட்டும் தனியாகக் கேட்டார். பேச்சாளர் மைக்கைத் தட்டிப் பார்த்து, “அண்ணாச்சி, மைக் வரலையே?” என்று திரும்பிக் கேட்கிறவரை அவர் குமிழைத் தொடவில்லை.